அப்பா கால்ல இருக்கார்

1969 கோடையில் பெல் ஆய்வகத்தில் வேலை பார்த்த கென் தாம்ஸனின் வீடு மூன்று வாரம் வெறிச்சோடிக் கிடந்தது. அவருடைய மனைவி, ஒரு வயது மகனைத் தாத்தா பாட்டியிடம் காட்டுவதற்காக நியூ ஜெர்ஸியிலிருந்து கலிபோர்னியாவுக்குப் போயிருந்தார். மல்டிக்ஸ் என்ற மாபெரும் திட்டத்திலிருந்து பெல் ஆய்வகம் அந்த ஆண்டுதான் கையைக் கழுவியிருந்தது. யாரும் அதிகம் சீந்தாத பிடிபி-7 என்ற பழைய இயந்திரம் ஒன்று ஆய்வகத்தில் கிடந்தது. அதில் தாம்ஸன் ஏற்கெனவே கொஞ்சம் வேலை செய்து வைத்திருந்தார். மிச்சம் இருந்தது மூன்று வேலை, கையில் இருந்தது மூன்று வாரம். ஒரு வாரத்தில் எடிட்டர், ஒரு வாரத்தில் அசெம்ப்ளர், ஒரு வாரத்தில் கெர்னல் என்று எழுதி முடித்தார். யூனிக்ஸ் என்ற இயங்குதளம் பிறந்தது. இன்று உங்கள் கையில் ஐபோன் இருந்தால் அது அந்த வம்சம். ஆண்ட்ராய்டு இருந்தால் அதே சாயலில் எழுதப்பட்ட லினக்ஸின் வழி வந்தது.

எங்கள் தொழிலில் இந்தக் கதையைச் சொல்லாத ஆள் இல்லை. புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்குப் பயிற்சி வகுப்பில் நானும் சொல்வேன். மேதை என்றால் இப்படி, மூன்று வாரம் போதும் என்று அவர்கள் கண்கள் விரியும். ஒருநாள் வீட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த மனைவியிடம் இதைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அந்த யூனிக்ஸ்ல எத்தனை கமாண்ட் இருக்குங்க?" என்றாள்.

"நூத்துக்கணக்குல இருக்கும்."

"அதுல அந்தம்மா பேர்ல ஒண்ணாவது இருக்கா?"

இல்லை. ஒரு வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு கண்டத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போய், மூன்று வாரம் கணவர் இல்லாமல் சமாளித்துத் திரும்பிய பெண்மணியின் பெயரில் ஒரு கட்டளையும் இல்லை. தாம்ஸனைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. மனைவி ஊருக்குப் போனதால்தான் அது முடிந்தது என்று அவரே ஒளிவுமறைவில்லாமல் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். சொன்னதால்தான் நமக்குத் தெரிகிறது. சொல்லாத பேர் எத்தனையோ.

கணினித் தொழிலில் இருக்கும் ஒருவன் நல்ல குடும்பஸ்தனாகவும் இருக்கிறான் என்றால், எதை வைத்து அப்படிச் சொல்கிறோம்? எங்கள் குடியிருப்பில் கேட்டால் பதில் உடனே வரும். நேரத்துக்கு வீட்டுக் கடன் கட்டுகிறான், குடி இல்லை, பிள்ளைகள் நல்ல பள்ளியில் படிக்கிறார்கள், பெற்றோரை மருத்துவக் காப்பீட்டில் சேர்த்திருக்கிறான், தங்கமான மனுஷன். இதில் ஒன்றும் பொய்யில்லை. இவ்வளவையும் செய்து முடிப்பதற்குள் ஒரு மனிதனின் முதுகு வளைந்துவிடுகிறது. ஆனால் இந்தப் பட்டியல் முழுவதையும் துபாயில் கட்டட வேலை பார்த்துப் பணம் அனுப்பும் ஒருவரும் செய்கிறார். அவர் வீட்டில் இல்லை என்பது அவருக்கும் தெரியும், வீட்டுக்கும் தெரியும். கணினிக்காரன் கூடத்து சோபாவில்தான் உட்கார்ந்திருக்கிறான். அவன் அங்கே இருக்கிறானா என்பதுதான் சந்தேகம்.

என் அப்பா அரசு அலுவலகம் ஒன்றில் கணக்குப் பிரிவில் எழுத்தராக இருந்தார். மாலை ஆறு மணிக்கு சைக்கிள் மணி வாசலில் கேட்கும். கோப்பு அலுவலகத்து பீரோவில் இருக்கும், பீரோ சாவி பியூனிடம் இருக்கும். அப்பா நினைத்தாலும் அதை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. அவருக்கு அலுவலகத்தில் கவலைகள் இல்லாமல் இருந்திருக்காது. ஆனால் கூட்டல் தப்பிய பேரேட்டைத் தலைக்குள் விரித்து வைத்துக்கொண்டு ரசம் சாதம் பிசைந்ததாக எனக்கு நினைவில்லை. எங்கள் தலைமுறையின் வேலை பூட்டி வைக்க முடியாத வேலை. மடிக்கணினியை மூடினாலும் பக் மூடாது. எந்த வரியில் தப்பு என்று தெரியாமல் வீட்டுக்கு வந்தவன், கை கழுவும்போதும் வண்டியைத் திருப்பும்போதும் மகள் மிருதங்க வகுப்பில் நடந்ததைச் சொல்லும்போதும் அந்த வரியைத்தான் தேடிக்கொண்டிருப்பான். நடுராத்திரியில் விழித்து, "கண்டுபிடிச்சிட்டேன்!" என்று எழுந்து உட்கார்ந்த கணவன்மார் இந்த ஊரில் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள்.

ஏன் இப்படி என்பதற்கு ஒரு காரணம் உண்டு. புரோகிராம் எழுதும்போது ஒருவன் தலைக்குள் ஒரே சமயத்தில் பல விஷயங்களை நிறுத்தி வைத்திருக்கிறான்: இந்த மாறியில் இப்போது என்ன மதிப்பு, இந்த ஃபங்ஷனை யார் அழைத்தார்கள், அது திரும்பும்போது என்ன ஆகும், பட்டியல் காலியாக வந்தால் என்ன செய்வது. இவற்றை அடுக்கி முடிக்கவே அரைமணி ஆகிவிடும். "அப்பா" என்று ஒரு குரல் கேட்டால் எல்லாம் சரியும்.

வேடிக்கை என்னவென்றால், கணினி இந்தச் சிக்கலைத் தனக்கு அழகாகத் தீர்த்துக்கொண்டுவிட்டது. அதற்கு இன்டரப்ட் என்று பெயர். நீங்கள் விசைப்பலகையில் ஓர் எழுத்தைத் தட்டினால் போதும், பிராசஸர் செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே நிறுத்தும். எந்த இடத்தில் நின்றது, எந்தெந்தப் பதிவேட்டில் என்ன எண் இருந்தது என்பதை ஸ்டாக் என்ற நினைவகப் பகுதியில் எழுதி வைக்கும். உங்கள் எழுத்தை வாங்கிக்கொள்ளும். பிறகு எழுதி வைத்ததை எடுத்து, விட்ட இடத்திலிருந்து, ஒரு துளியும் சிந்தாமல் தொடரும். இதை ஒரு நொடிக்குள் ஆயிரம் முறைகூடச் செய்யும், சலித்துக்கொள்ளாது. முக்கியமான வேலையின் நடுவே சில அழைப்புகளைக் கொஞ்ச நேரம் ஒத்திப்போடவும் அதற்குத் தெரியும். ஒத்திப்போடவே முடியாத அழைப்பு என்று ஒரு தனி வகையும் வைத்திருக்கிறார்கள். மின்சுற்றிலோ நினைவகத்திலோ பழுது என்றால் வரும் அழைப்பு அது. இதைக் கட்டி எழுப்பிய மனிதனுக்கு மட்டும் ஸ்டாக் கிடையாது. கலைந்தால் கலைந்ததுதான். அதனால் கலைப்பவர் மேல் கோபம் வருகிறது. அந்தக் கோபம் அநேகமாக நாலு வயதுக் குழந்தையின் மேல் விழுகிறது.

குடும்பமோ கலைத்துக்கொண்டேதான் இருக்கும். கேஸ் தீர்ந்த செய்தி, அம்மாவுக்கு மூட்டுவலி, பென்சில் முனை உடைந்த துக்கம், பக்கத்து வீட்டுக் கல்யாணப் பத்திரிகை எதுவுமே முன்பதிவு செய்துகொண்டு வருவதில்லை. ஆகவே என் எண்ணம் இது: தன் கவனத்தைக் கலைக்க வீட்டாருக்கு உரிமை உண்டு என்று மனதார ஒப்புக்கொண்டவன்தான் குடும்பஸ்தன். சம்பாதித்துப் போடுவது அதற்கு அடுத்தது. ஒப்புக்கொள்ளாதவன் நல்லவனாக, நாணயமானவனாக, குடும்பத்துக்காக உயிரையே விடுகிறவனாக இருக்கலாம். வீட்டில் அவன் வாடகைக்கு இருக்கிறான், அவ்வளவுதான்.

இதைச் சொல்லும்போதே இந்தத் தொழிலின் அமைப்பையும் சொல்லியாக வேண்டும். சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையிலிருந்து அமெரிக்காவுக்கு வேலை செய்கிறவர்களின் வீட்டுக் கடிகாரம் அமெரிக்க அரசின் கையில் இருக்கிறது. கலிபோர்னியாவில் காலை 8 மணிக் கூட்டம் என்றால் கோடையில் நமக்கு இரவு 8.30. நவம்பர் முதல் ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்புகிறார்கள். அதே கூட்டம் நமக்கு 9.30 ஆகிறது. மார்ச் இரண்டாம் ஞாயிறு மறுபடி 8.30. வெயிலை மிச்சம் பிடிக்க அங்கே யாரோ செய்த ஏற்பாட்டால் மேடவாக்கத்தில் ஒரு குழந்தை கதை கேட்கும் நேரம் ஆண்டுக்கு இருமுறை இடம் மாறுகிறது. "அப்பா கால்ல இருக்கார்" என்பது சென்னை, கோவை வீடுகளில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் பேசப் பழகும்போதே கற்றுக்கொண்ட வாக்கியம். சத்தம் போடாதே என்பதற்கு மறுபெயர்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோதுதான் பல பிள்ளைகள் அப்பா என்ன வேலை செய்கிறார் என்பதை முதன்முதலாகக் கண்ணால் கண்டார்கள். எங்கள் அடுக்ககத்துச் சிறுவன் ஒருவன் எனக்கு விளக்கினான்: "அப்பா கம்ப்யூட்டர் கிட்ட, நான் பேசறது கேக்குதான்னு கேப்பாரு அங்கிள். அதுதான் வேலை." பெரிதாகத் தப்பில்லை.

இன்னொரு கணக்கு மனைவியர் பெயரில் ஓடுகிறது. எச்-1பி விசாவில் அமெரிக்கா போனவருடன் எச்-4 விசாவில் போன மனைவிக்கு 2015 மே மாதம் வரை அங்கே வேலை செய்ய அனுமதியே கிடையாது. அதன் பிறகும் கணவனின் கிரீன் கார்டு விண்ணப்பம் ஒரு கட்டத்தைத் தாண்டியிருந்தால்தான் உண்டு. அண்ணா பல்கலைக்கழகத்தில் அவனோடு ஒரே வகுப்பில் படித்து, அவனைவிட அதிக மதிப்பெண் வாங்கியவளாகவே இருக்கட்டும், டல்லஸில் அவளுக்கு அடுப்படிதான். பெரிய இடத்துக் கதையும் வேறு மாதிரி இல்லை. 1981-இல் இன்போசிஸ் தொடங்கச் சுதா மூர்த்தி தன் சேமிப்பிலிருந்து 10,000 ரூபாய் கொடுத்தது ஊரறிந்தது. அவரும் பொறியாளர், கணினி தெரிந்தவர். ஆனால் கணவன் மனைவி இருவரும் ஒரே நிறுவனத்தில் வேண்டாம் என்று நாராயண மூர்த்தி சொல்ல, அவர் ஒதுங்கிக்கொண்டார். அது தவறு என்று 2024-இல் ஒரு பேட்டியில் நாராயண மூர்த்தியே ஒப்புக்கொண்டார். அதற்குச் சில மாதங்கள் முன்னால்தான் இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தார். அந்த 70 மணி நேரம் உழைக்கிறவனின் வீட்டில் மிச்ச வேலையை யார் பார்ப்பது என்று அந்தப் பேட்டியில் யாராவது கேட்டிருக்கலாம்.

கணினிக்காரர்களுக்குக் குழந்தைகள் மேல் பாசம் இல்லையா என்றால், பாசம் கொட்டிக் கிடக்கிறது. மைக்கேல் விடேனியஸ் என்ற பின்லாந்துக்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். தன் மகள் மையின் பெயரைத் தன் தரவுத்தளத்துக்கு வைத்தார். அதுதான் மைஎஸ்க்யூஎல். 'என்னுடைய' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் என்றே பாதி உலகம் நினைத்துக்கொண்டிருக்கிறது. மகன் மேக்ஸ் பெயரில் மேக்ஸ்டிபி. 2008-இல் சன் நிறுவனம் மைஎஸ்க்யூஎல்லை நூறு கோடி டாலருக்கு வாங்கியது. 2010-இல் சன்னையே ஆரக்கிள் விழுங்கியது. மூத்த மகளின் பெயர் கைமாறிப் போவது தெரிந்ததும் மனிதர் அதே நிரலிலிருந்து வேறொன்றைப் பிரித்தெடுத்து, இளைய மகள் மரியாவின் பெயரை வைத்தார்: மரியாடிபி. இன்று இரண்டு சகோதரிகளும் உலகின் எண்ணற்ற சர்வர்களில் போட்டி போட்டுக்கொண்டு ஓடுகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த குடும்பக் கதை இது.

ஆனால் பெயர் வைப்பதை மட்டும் நம்பிவிடக் கூடாது. ஆப்பிள் நிறுவனம் 1983-இல் வெளியிட்ட கணினியின் பெயர் லிசா. 1978-இல் பிறந்த லிசா என்ற பெண் குழந்தையைத் தன் மகளே இல்லை என்று ஸ்டீவ் ஜாப்ஸ் மறுத்துக்கொண்டிருந்த காலத்தில்தான் அந்தக் கணினி உருவானது. பெயருக்குக் காரணம் கேட்டவர்களுக்கு அது ஏதோ நாலு தொழில்நுட்பச் சொற்களின் சுருக்கம் என்று விளக்கம் தரப்பட்டது. மகளின் பெயர்தான் என்று அவர் ஒப்புக்கொள்ளப் பல ஆண்டுகள் ஆயின. கணினிக்குப் பெயரைக் கொடுத்தாயிற்று, குழந்தை காத்திருந்தது.

டொனால்ட் நூத்திடம் எனக்கு வேறொரு பாடம் கிடைத்தது. 1938-இல் பிறந்த இவர், கணினி அறிவியலின் வேத புத்தகம் என்று சொல்லத்தக்க பெரும் தொகுதியை எழுதிக்கொண்டிருப்பவர். திருமணமான ஆறேழு மாதத்தில், 1962 ஜனவரியில், ஒரு பதிப்பகத்துக்கு ஒரே ஒரு புத்தகம் எழுதித்தர ஒப்புக்கொண்டார். அது ஏழு தொகுதித் திட்டமாக வளர்ந்து, முதல் தொகுதி 1968-இல் வந்து, நான்காம் தொகுதியின் இரண்டாம் பகுதி 2022-இல் வந்தது. இன்னும் முடியவில்லை. நடுவே, தன் புத்தகப் பக்கங்கள் அச்சில் அசிங்கமாக இருப்பதைப் பார்த்துவிட்டு, அதைச் சரிசெய்ய டெக் என்ற அச்சுக்கோர்ப்பு மென்பொருளையே எழுதினார். இப்படிப்பட்ட ஆளோடு குடித்தனம் நடத்துவது எளிதாக இருந்திருக்காது. 1967-இல் வயிற்றுப்புண் வந்து படுத்தார், கைக்குழந்தைகள் இருவர் இருந்த வீட்டில். அதற்குப் பிறகு வேலை செய்யும் விதத்தை மாற்றிக்கொண்டார்.

1990 ஜனவரி 1 முதல் அவருக்கு மின்னஞ்சல் கிடையாது. அதற்கு முன்பு பதினைந்து வருடம் பயன்படுத்தியாயிற்று, ஓர் ஆயுளுக்கு அது போதும் என்றார். எழுத விரும்புகிறவர்கள் தபாலில் எழுதலாம், அவர் நேரம் கிடைக்கும்போது பதில் போடுவார். புத்தகத்தை முடிப்பதற்காகப் பேராசிரியர் வேலையிலிருந்து 1993-இல் முன்கூட்டியே ஓய்வு பெற்றார். ஒதுக்கியே ஆகவேண்டும் என்று வந்தபோது அவர் ஒதுக்கியது ஊராரை. நாம் தலைகீழாகச் செய்கிறோம். முன்பின் பார்த்திராத வாடிக்கையாளரின் செய்திக்கு நொடியில் பதில் போகிறது, மகன் மூன்றாம் முறை கூப்பிடுகிறான்.

அவர் வாழ்க்கையில் எனக்கு அதைவிடப் பிடித்த சம்பவம் ஒன்று உண்டு. குடும்பத்தோடு நார்வேயில் ஓராண்டு தங்கியிருந்தபோது ஒரு ராத்திரி அவருக்கு ஒரு சின்ன நாவல் மனதில் உதித்தது. கணிதவியலாளர் ஜான் கான்வே கண்டுபிடித்த ஒரு புதுவகை எண்களை இரண்டு காதலர்கள் கடற்கரையில் பேசிப்பேசிக் கண்டுகொள்வதாகக் கதை. எழுத ஒரு வாரம் ஆகும் என்று மனைவியிடம் சொன்னார். இருவரும் பேசி வைத்துக்கொண்டு, ஆஸ்லோவில் ஒரு ஹோட்டலில் அறை எடுத்து, ஒரு வாரத்தில் எழுதி முடித்துவிட்டு வீடு திரும்பினார். புத்தகம் 1974-இல் வந்தது.

தாம்ஸனின் மூன்று வாரமும் நூத்தின் ஒரு வாரமும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுதான். இரண்டு வீட்டிலும் மனைவிதான் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டார். ஆனால் நூத் கேட்டார். எத்தனை நாள் என்று சொன்னார். சொன்ன நாளில் திரும்பி வந்தார். கேட்டு வாங்கிய தனிமையில் கதவைச் சாத்திக்கொள்வது எந்த வீட்டிலும் குற்றமாகாது என்றே நினைக்கிறேன். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸும் வீட்டிலிருந்தேதான் வேலை செய்கிறார். கணினியின் விசிறிச் சத்தம்கூடக் கேட்கக் கூடாது, மடியில் படுத்திருக்கும் பூனையின் குர்குர் சத்தம் கேட்டால் போதும் என்று சொன்னவர். அவருக்கும் கதவு உண்டு. 2018-இல் லினக்ஸ் பராமரிப்பாளர்களின் மாநாடு வான்கூவரில் நடக்கவிருந்த அதே நாட்களில் ஸ்காட்லாந்துக்குக் குடும்பச் சுற்றுலா போக ஏற்பாடு செய்துவிட்டார். தேதியைக் குழப்பிக்கொண்டதுதான் காரணம். கடைசியில் மாநாடுதான் எடின்பரோவுக்கு இடம் மாறியது, சுற்றுலா மாறவில்லை. அவ்வளவு செல்வாக்கு நமக்கில்லை என்பது வேறு விஷயம்.

எனக்கு ஆகாதது சாத்திய கதவும் இல்லை, திறந்த கதவும் இல்லை. சாப்பாட்டு மேசையில் தட்டுக்குப் பக்கத்தில் பாதி மூடிய மடிக்கணினி. "சொல்லு கண்ணா, கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே திரையைப் பார்க்கும் முகம். அந்த முகத்திடம் குழந்தை ஒருமுறை சொல்லும், இரண்டு முறை சொல்லும், பிறகு அம்மாவிடம் போய்ச் சொல்லும். பதினைந்து வயதில் யாரிடமும் சொல்லாது. அப்போது நாம் மனநல ஆலோசகரின் எண்ணைத் தேடுகிறோம். வேலைக்கும் அந்த அரைக் கவனத்தால் லாபமில்லை. மேசையில் பார்த்துப் பார்த்து எழுதிய அந்த நாலு வரியை மறுநாள் காலை திரும்ப எழுத வேண்டிவரும் என்பது இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும்.

பிரான்ஸில் வேலை நேரத்துக்குப் பின் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை 2017 முதல் சட்டத்தில் இருக்கிறது. 2021-இல் போர்ச்சுகலும் 2024-இல் ஆஸ்திரேலியாவும் தங்கள் வழியில் சட்டம் செய்தன. நம் நாடாளுமன்றத்தில் சுப்ரியா சுலே இதற்காகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார், தனிநபர் மசோதாக்களின் வழக்கமான கதிதான் அதற்கும். சட்டம் வரட்டும் என்று காத்திருந்தால் இப்போது முதல் வகுப்பில் இருக்கும் பிள்ளை கல்லூரி முடித்துவிடும்.

ஆகவே அணித் தலைவர்களாக, மேலாளர்களாக இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். நவம்பரில் அமெரிக்கக் கடிகாரம் மாறுவதற்கு முந்தைய வாரம், உங்கள் அணியில் சின்னக் குழந்தை உள்ளவர் யார், வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்கிறவர் யார் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பெண்களிடம் மட்டும் கேட்காதீர்கள், ஆண்களிடமும் கேளுங்கள். அவர்கள் தாமாகச் சொல்ல மாட்டார்கள். பிறகு கலிபோர்னியாக்காரருக்கு எழுதுங்கள்: குளிர்காலம் முடியும்வரை கூட்டத்தைக் காலை 8 மணிக்குப் பதில் 7 மணிக்கு வைத்துக்கொள்ளலாமா என்று. அவருக்கும் வீடு இருக்கிறது, அவர் பிள்ளைக்கும் காலையில் பள்ளிக்கூட பஸ் இருக்கிறது. ஒரு வாரம் அவர், ஒரு வாரம் நீங்கள் என்று முறை வைத்துக்கொள்ளலாம். நான் கேட்டுப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் சரி என்றுதான் சொல்கிறார்கள்.